அமைதியாகத் தொடங்கிய நான்கடித் தொட்டி: நன்னீர் அலங்கார மீன்களுக்குத் துணைமீன் தேர்வது குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு தொட்டியில் மீன்கள் அடுத்தடுத்து சாகத் தொடங்கினால் முதலில் நீரையும் அதன்பின் நோயையும் சந்தேகிப்பது மீன் வளர்ப்போரின் வழக்கம். அந்த வரிசை சரியானது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஆராயப்படும் தொட்டியில் நீர் குறை சொல்ல முடியாத நிலையில் இருந்தது, தொற்றுநோயும் காணப்படவில்லை. இருந்தும் ஒன்பது மாதங்களுக்குள் 31 மீன்களில் 13 மீன்கள் இல்லாமல் போயின. உரிமையாளர் அக்கறையானவர். தொட்டியை அமைத்த நாளிலிருந்து குறிப்பேடு எழுதிவந்தவர். வாங்கிய ஒவ்வொரு மீனும் 'சமூகத் தொட்டிக்கு', அதாவது பல இன மீன்களைச் சேர்த்து வைக்கும் தொட்டிக்கு, 'ஏற்றது' என்று சொல்லப்பட்ட மீன்தான். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் எவ்வளவு கவனமாக நடந்துகொண்டாலும் தொட்டி எப்படிக் குலைய முடியும் என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுவதால், இதை முழுமையாகப் பதிவு செய்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

தொட்டியும் அதன் குடிகளும்

தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. கணக்குப்படி 243 லிட்டர் கொள்ளும்; மணல், மரக்கட்டை, மேலே விட்ட இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 200 லிட்டர் நீர் நின்றது. வெளிப்புற ஃபில்டர், ஹீட்டர், கண்ணாடி மூடி ஆகியவை இருந்தன. மீன்களை விடுவதற்கு முன்பே, மீன்கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் நிலைபெறும்வரை உரிமையாளர் காத்திருந்தார். இந்தப் பொறுமை பலரிடம் இருப்பதில்லை.

அதன்பின் சில வாரங்களில் விடப்பட்டவை இவை: நியான் டெட்ரா 12, ஏஞ்சல் குஞ்சுகள் 4, டைகர் பார்ப் 4, ஆண் கப்பி 6, கோரிடோராஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி) 3, சிவப்பு வால் ஷார்க் (பெயரில் மட்டுமே சுறா, உண்மையில் கெண்டை இனம்) 1, சக்கர் (வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி) 1. வாங்கியபோது ஏஞ்சலின் உடல் ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. சக்கர் 5 செ.மீ. நீளமே இருந்தது. மேல்மட்டத்துக்குக் கப்பி, நடுமட்டத்துக்கு டெட்ராவும் பார்பும் ஏஞ்சலும், அடிமட்டத்துக்கு மற்றவை என்று மட்டம் பிரித்தே அவர் தேர்ந்தெடுத்திருந்தார். தாளில் பார்த்தால் நல்ல திட்டம்.

முதல் நான்கு மாதங்கள் எந்த இழப்பும் இல்லை. ஐந்தாம் மாதம் கப்பிகளின் வால்கள் கிழிந்தன. அடுத்த சில வாரங்களில் நான்கு கப்பிகள் இறந்தன. ஆறாம் மாதத்திலிருந்து நியான்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டாகக் குறைந்து ஐந்தில் வந்து நின்றது. இறந்த உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எட்டாம் மாதம் இரண்டு ஏஞ்சல்கள் இணைசேர்ந்து ஃபில்டர் குழாயின் மீது முட்டையிட்டன. அதே வாரத்தில் மற்றோர் ஏஞ்சல் மூலையில் ஒடுங்கி இறந்தது. ஒன்பதாம் மாதம் ஒரு கோரிடோராஸ் வயிறு ஒட்டிய நிலையில் இறந்து கிடந்தது. அந்தக் கட்டத்தில்தான் தொட்டியை ஆராயும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்.

முதலில் விலக்கப்பட்ட காரணங்கள்

நீர்மாற்றத்துக்கு முந்தைய நாள், அதாவது நீர் அந்த வாரத்தில் மிக மோசமாக இருக்கக்கூடிய நாளில், சோதனை செய்யப்பட்டது. வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ், பிஹெச் (அமில-கார அளவு, 7 என்பது நடுநிலை) 7.2, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் குப்பியில் தென்படவில்லை, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராம். வாரந்தோறும் 30 விழுக்காடு நீர் மாற்றப்பட்டு வந்தது. குறிப்பேட்டில் முந்தைய மாதங்களின் அளவுகளும் இதையொட்டியே இருந்தன. நீர் காரணமல்ல என்று முடிவு செய்ய இது போதுமானது.

மூடி முழுமையாகப் பொருந்தியதால் நியான்கள் வெளியே துள்ளியிருக்க வழியில்லை. ஃபில்டரின் உறிஞ்சுகுழாய் முனையில் நுரைப்பஞ்சு இருந்ததால் அதில் சிக்கியும் இருக்க முடியாது. ஆனால் உடல் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அவை உயிரோடு விழுங்கப்பட்டதற்குச் சான்றாகாது. மூன்று செ.மீ. மீன் இரவில் இறந்தால் அடிமட்ட மீன்கள் விடிவதற்குள் அதைத் தின்று தீர்த்துவிடக்கூடும். அதனால் இந்தக் கேள்வி திறந்தே வைக்கப்பட்டது.

கப்பிகளின் வால்களுக்குத் துடுப்பழுகல் என்று கருதி உரிமையாளர் ஏற்கெனவே மருந்து இட்டிருந்தார். மருந்திட்ட வாரம் வால் சற்று வளர்வதும் அடுத்த வாரம் மீண்டும் கிழிவதுமாக இருந்தது. எஞ்சிய இரண்டு கப்பிகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது விடை எளிதாகக் கிடைத்தது. அழுகலில் துடுப்பின் ஓரம் வெண்மையாகவோ சிவந்தோ மங்கி, சிறிது சிறிதாகக் கரைந்ததுபோல் இருக்கும். இங்கே ஓரம் தெளிவாக, பிறைவடிவில், வாயளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. அது கடிதான்.

மீன்கள் மனிதரைக் கண்டால் உணவை எதிர்பார்த்து முன்கண்ணாடிக்கு வந்து கூடும். அந்த நேரத்தில் அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அறிய முடியாது. ஆகவே கைபேசியைத் தொட்டிமுன் பொருத்தி, ஆளில்லாத வேளைகளிலும், விளக்கை அணைப்பதற்கு முன்னும் பின்னும், விடியற்காலை மங்கிய ஒளியிலும் பதிவு செய்யப்பட்டது. இந்த ஆய்வின் முடிவுகளில் பெரும்பகுதி அந்தப் பதிவுகளிலிருந்தே கிடைத்தது. தொட்டியில் புதிராக ஏதேனும் நடக்கும்போது மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன் இதைச் செய்யும்படி அனைவரையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வேன்.

டைகர் பார்பும் நீள்வால் மீன்களும்

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற வரிசையை நிலைநாட்ட அவை நாள் முழுவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டும் கொத்திக்கொண்டும் இருக்கும். எட்டு, பத்து மீன்கள் இருந்தால் அந்தத் துரத்தல் பலவற்றின்மீது பங்கிடப்பட்டு எதற்கும் பெரிய காயம் ஏற்படாது. வேறு இன மீன்களைச் சீண்டுவதும் குறையும். நான்கு மட்டும் இருந்தால் வரிசை விரைவில் முடிவாகிவிடும். மிஞ்சும் வேகம் அருகிலுள்ள மெதுவான மீன்மீது திரும்பும். இந்தத் தொட்டியில் அருகிலிருந்த மெதுவான மீன்கள், வாலைத் தோகைபோல் விரித்து நீந்தும் ஆண் கப்பிகள்.

இதில் முதல் நான்கு மாத அமைதிக்கும் விளக்கம் இருக்கிறது. வாங்கியபோது பார்ப்கள் முதிராத குஞ்சுகள். அவை முழு வளர்ச்சியில் ஏழு செ.மீ. வரை வரக்கூடியவை, பருவம் அடைந்த பின்தான் வரிசைப் போட்டி கூர்மையடைகிறது. பதிவில் ஒரு பார்ப் கப்பியின் பின்னால் நேராக வந்து, வால்நுனியைக் கொத்தி, உடனே விலகிச் சென்றது. சில நொடிகளில் அடுத்த பார்ப் அதையே செய்தது. கடிபட்ட வால் நீந்த உதவாது. நீந்த முடியாத மீன் உணவுக்கு முந்த முடியாது. புண்ணில் பூஞ்சை ஏறும். இறப்பின் போது கண்ணுக்குத் தெரிவது பூஞ்சைதான். அதனால்தான் மருந்து தேவை என்று தோன்றியது.

ஏஞ்சல்களின் நூல்போன்ற வயிற்றுத் துடுப்புகளும் பாதியாகக் குறைந்திருந்தன. எண்ணிக்கையைக் கூட்டினால் பார்ப் திருந்திவிடும் என்ற பொதுவான அறிவுரையை நான் பாதி மட்டுமே ஏற்கிறேன். வேகமான, குட்டைத் துடுப்பு மீன்களோடு இருக்கும்போது அது பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் தொங்கும் துடுப்புள்ள ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர், கௌராமி போன்றவற்றோடு பத்து பார்ப்களை விடுவதென்பது அந்த மீன்களைப் பணயம் வைப்பதாகும்.

கப்பி குறித்து இன்னொன்றும் உண்டு. அது சற்றுக் கடினமான, காரத்தன்மை சாய்ந்த நீரில் செழிக்கும். நியான் மென்மையான, அமிலம் சாய்ந்த நீருக்குரியது. கடைகளுக்கு வரும் நியான்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை என்பதால் 7.2 பிஹெச்சில் இரண்டும் தாக்குப்பிடிக்கின்றன. எனவே இங்கே நீரின் தன்மை இழப்புக்குக் காரணமாகவில்லை; தேர்வு முதலிலிருந்தே ஒரு சமரசமாக இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஏஞ்சலும் நியானும்

இந்த ஆய்வின் மையம் இதுவே. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்பதற்கு உரிமையாளர் மூன்று காரணங்கள் வைத்திருந்தார். மூன்றும் வளர்ப்போரிடையே பரவலாக நம்பப்படுபவை. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம், இரண்டும் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் ஒரே வெப்பநிலை பொருந்தும் என்பது. வெப்பநிலையைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. ஆனால் ஒரே ஆற்றில் வாழ்கின்றன என்றால் ஒன்றோடொன்று நட்பாக வாழ்கின்றன என்று பொருளாகாது. பல சமயம் ஒன்றை ஒன்று தின்று வாழ்கின்றன என்றே பொருள். ஏஞ்சலின் தட்டையான, உயர்ந்த உடலும் செங்குத்துக் கோடுகளும் நீரில் அமிழ்ந்த தண்டுகளுக்கும் வேர்களுக்கும் இடையே மறைந்து நிற்பதற்கு ஏற்றவை. சிறுமீன்களும் இறால்களும் பூச்சிப்புழுக்களும் அதன் இயற்கை உணவு. மெலிந்த உடலுள்ள சிறு டெட்ராவை அது இரையாகக் காண்பது கெட்ட குணமன்று, அதன் வாழ்முறை.

இரண்டாவது, சிறுவயதிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் ஏஞ்சல் நியானைத் தின்னாது என்பது. இந்த நம்பிக்கைதான் மிக அதிகமான நியான்களைப் பலி வாங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். சேர்ந்து வளர்ந்த காலத்தில் ஏஞ்சல் நியானைத் தின்னாததற்குக் காரணம் பழக்கமல்ல, வாய் சிறிதாக இருந்ததே. நியான் மூன்று, மூன்றரை செ.மீ. நீளத்தில் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். அதன் உடலின் உயரம் ஏறத்தாழ ஒரு செ.மீ. மட்டுமே. ஏஞ்சலோ 15 செ.மீ. நீளம் வரை வளர்ந்து, மேல்துடுப்பு நுனியிலிருந்து கீழ்த்துடுப்பு நுனிவரை அளந்தால் 20 செ.மீ.க்கும் மேல் உயரம் பெறக்கூடியது. ஒரு கட்டத்தில் வாயின் விரிவு நியானின் உடலைக் கடந்துவிடுகிறது. குறிப்பேட்டில் ஏஞ்சல்களின் வளர்ச்சியை உரிமையாளர் அவ்வப்போது குறித்திருந்தார். அவற்றின் உடல் முதல் நான்கு மாதங்களில் வேகமாகப் பெருத்திருந்தது, நியான் குறையத் தொடங்கியது அதன்பின் என்ற வரிசை அதில் தெளிவாக இருந்தது.

சில தொட்டிகளில் வளர்ந்த ஏஞ்சலும் நியானும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்திருப்பதும் உண்மைதான். நிறையச் செடிகளும், வயிறாரக் கிடைக்கும் உணவும், தனிப்பட்ட ஏஞ்சலின் சுபாவமும் அதற்கு உதவுகின்றன. ஆனால் அப்படிப்பட்ட தொட்டியைக் காட்டி மற்றவருக்குப் பரிந்துரைக்க என்னால் முடியாது. தோற்ற தொட்டிகளில் எஞ்சியது ஒரு குறிப்பேட்டின் குறையும் எண்களே, அதை யாரும் படம் பிடித்துக் காட்டுவதில்லை.

மூன்றாவது காரணம், பகலில் ஏஞ்சல் நியானைத் துரத்தி ஒருமுறைகூட உரிமையாளர் பார்க்கவில்லை என்பது. பார்த்திருக்க முடியாது. விளக்கை அணைத்த பின் நியான்கள் நிறம் மங்கி, கூட்டம் கலைந்து, மணலை ஒட்டி அசையாமல் ஓய்வெடுத்தன. ஏஞ்சல்கள் அந்த நேரத்தில் ஓய்வுக்குச் செல்லவில்லை. விடியற்காலைப் பதிவொன்றில் பெரிய ஏஞ்சல் துரத்தாமல், துடுப்புகளை மெல்ல அசைத்தபடி மரக்கட்டையின் ஓரமாக நழுவி வந்து, ஓய்ந்திருந்த நியானைத் தலைப்பக்கமாகக் கவ்வியது. நியானின் வால் சற்றுநேரம் வாய்க்கு வெளியே தெரிந்தது. அன்று காலை அந்த ஏஞ்சல் உணவை மறுத்ததும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. திறந்து வைத்த கேள்விக்கு அதுவே விடை.

எஞ்சிய ஐந்து நியான்களின் நிலையும் கவலைக்குரியதாக இருந்தது. அவை ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி, உணவுக்கும் வெளியே வராமல், உடல் மெலிந்திருந்தன. இதற்கு வெறும் அச்சம் என்பதைத் தாண்டிய உடலியல் காரணம் ஒன்று இருக்கலாம். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற கார்ல் வான் ஃப்ரிஷ், கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறுமீனின் தோல் காயப்பட்டால் அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கலந்து, கூட்டத்தின் மற்ற மீன்களை அஞ்சி ஒடுங்கச் செய்கிறது என்பதை 1938இல் வெளியிட்டார். கெண்டைகள், பார்ப்கள், டெட்ராக்கள், கெளுத்திகள் அடங்கிய பெரும் பிரிவில் இந்த எச்சரிக்கைப் பொருள் பரவலாக உண்டு. ஏஞ்சல் அந்தப் பிரிவைச் சேர்ந்ததன்று. ஆகவே ஒரு நியான் கடிபடும்போது மற்ற நியான்கள் அதைக் கண்ணால் காணாவிட்டாலும் நீரின் வழியே அறியக்கூடும். 'எண்ணிக்கைதானே குறைந்தது, மிச்சம் நலமாக இருக்கின்றன' என்று அப்படிப்பட்ட தொட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது.

அடிமட்டத்தில் நடந்தது

மட்டம் பிரித்துத் தேர்வது நல்ல வழிதான். ஆனால் ஒரே மட்டத்துக்குள் யார் யாரோடு இடத்தைப் பகிர்கிறார்கள் என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை. இந்தத் தொட்டியின் அடிமட்டத்தில் எல்லை காக்கும் மீன் ஒன்று, மிகப் பெரிதாக வளரும் மீன் ஒன்று, சாந்தமான கூட்டமீன்கள் மூன்று இருந்தன.

சிவப்பு வால் ஷார்க் மரக்கட்டைக்குக் கீழிருந்த குழியைத் தனதாக்கிக்கொண்டு, ஏறத்தாழ தொட்டியின் பாதி நீளம்வரை கோரிடோராஸ்களை அண்டவிடவில்லை. அது கடித்த தடயம் இல்லை, துரத்தல் மட்டுமே. ஆனால் மூழ்கும் உணவு வில்லைகள் எப்போதும் அந்தப் பாதியிலேயே போடப்பட்டன. எஞ்சியதைச் சக்கர் மூடிக்கொண்டது. இறந்த கோரிடோராஸின் ஒட்டிய வயிற்றுக்கு வேறு விளக்கம் தேவையில்லை: அது உணவு நிறைந்த தொட்டியில் பட்டினி கிடந்தது. ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக இருந்திருந்தால் அவை துணிந்து திரிந்திருக்கும். மூன்று என்பது கூட்டமன்று.

சக்கர் ஒன்பது மாதங்களில் 5 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ. ஆகியிருந்தது. நீளத்தை மட்டும் பார்த்தால் நான்கு மடங்கு. உடல் மூன்று திசையிலும் வளர்வதால் எடை ஏறத்தாழ 64 மடங்கு. அதன் கழிவும் அதற்கேற்பப் பெருகும். ஒரு செ.மீ. மீனுக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு சிறுமீன்களுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. இந்த இனம் 40 செ.மீ.யைத் தாண்டக்கூடியது, நான்கடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் போதாது. பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்ற எதிர்பார்ப்பில்தான் அனைவரும் அதை வாங்குகிறார்கள். வளர வளர அது பாசியில் ஆர்வம் குறைந்து உணவு வில்லையைத் தேடுகிறது. இரவுப் பதிவில் அது ஓர் ஏஞ்சலின் தட்டையான பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ள முயன்றது. ஏஞ்சலின் உடலில் கண்ட வெளிறிய வட்டத் திட்டுக்கும், அவ்விடத்தில் வழுவழுப்புப் படலம் உரிந்திருந்ததற்கும் அதுவே காரணம். ஏஞ்சல், டிஸ்கஸ், கோல்டு ஃபிஷ் போன்ற அகன்ற பக்கமுள்ள, மெதுவான மீன்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஏஞ்சல்கள் இணைசேர்ந்ததைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குஞ்சுப் பருவத்தில் ஆண், பெண் அறிய முடியாது. நான்கு வாங்கினால் அவற்றில் ஓர் இணை உருவாவது எதிர்பார்க்கத்தக்கதே. இணை முட்டையிட்டதும் சுற்றியுள்ள இடத்தைக் காக்கத் தொடங்கும், அப்போது அதன் முதல் எதிரி தன் இனத்தைச் சேர்ந்த மற்ற ஏஞ்சல்தான். தப்பியோட இடமில்லாத தொட்டியில் தோற்ற மீனுக்கு மூலைதான் மிச்சம்.

அடுத்து வாங்க நினைத்திருந்தவை

இழப்புகளை ஈடுசெய்ய உரிமையாளர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். கோல்டு ஃபிஷ் அதில் முதலாவது. அது 18 முதல் 22 டிகிரி வரையுள்ள நீரில் நலமாக இருக்கும் மீன். 26 டிகிரியில் உயிர்வாழும், ஆனால் அது அதற்குரிய வெப்பமன்று, கழிவும் மிக அதிகம். டைகர் பார்ப் இருக்கும்வரை ஃபைட்டரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பார்ப் போன பின்னும், ஏஞ்சல் இணையிடம் அது அடிபடும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும், அந்த வெப்பத்தில் கோரிடோராஸ் இனங்களில் பல சோர்வடையும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட்கள் (ஏஞ்சலின் குடும்பத்து மீன்கள்) கடின நீரும் எட்டை ஒட்டிய பிஹெச்சும் தேவைப்படுபவை, மற்ற மீன்களை எளிதில் பொறுக்காதவை. பெரிதாக வளரும் ஆஸ்கருக்கு இந்தத் தொட்டியின் சிறுமீன்கள் அனைத்தும் உணவு. கோரிடோராஸை விழுங்க முயன்றால் அதன் விறைத்து நிற்கும் முட்துடுப்புகள் தொண்டையில் சிக்கி, விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்தே சாகக்கூடும். பட்டியல் முழுவதும் விலக்கப்பட்டது.

செய்யப்பட்ட மாற்றங்கள்

ஏஞ்சலா, நியானா என்ற ஒரு கேள்வியை உரிமையாளரிடம் வைத்தேன். இரண்டையும் காப்பாற்றும் ஏற்பாடு எதுவும் அந்தத் தொட்டியில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு அது எளிதான முடிவாக இல்லை. ஏஞ்சல் இணையை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தார். ஐந்து நியான்களும், பெரிய நியான் கூட்டம் வைத்திருக்கும் மற்றொரு வளர்ப்பாளரிடம் சென்றன. கப்பிகள் கப்பி மட்டும் வளர்ப்பவரிடம் சென்றன. இணைசேராத மூன்றாவது ஏஞ்சலும் சக்கரும் அவற்றுக்கு ஏற்ற பெரிய தொட்டிகளுக்கு மாறின. சக்கரை ஆற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த இன மீன்கள் பல நாடுகளின் நீர்நிலைகளில் அப்படித்தான் பரவி, அங்குள்ள மீன்களுக்குத் தீராத கேடாகியிருக்கின்றன.

டைகர் பார்ப்கள் உரிமையாளரிடம் காலியாக இருந்த 90 செ.மீ. தொட்டிக்கு மாற்றப்பட்டன. தனிமைப்படுத்தலுக்குப் பின் மேலும் ஆறு சேர்க்கப்பட்டுப் பத்தாயின. சிவப்பு வால் ஷார்க்கும் வேகமான பார்ப்களும் பொருந்தக்கூடியவை என்றாலும், அந்த நீளம் அதற்குப் போதாது என்பதால் 150 செ.மீ. தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கப்பட்டது.

பெரிய தொட்டிக்கான புதிய துணைமீன் தேர்வில் நான்கு கேள்விகள் மட்டுமே கேட்கப்பட்டன: முழு வளர்ச்சியில் ஏஞ்சலின் வாய்க்குள் அடங்குமா, ஏஞ்சலின் துடுப்பைக் கொத்துமா, 26 டிகிரியில் நலமாக இருக்குமா, இடத்துக்கு ஏற்ற கூட்டமாக வைக்க முடியுமா. இவற்றின்படி எட்டு காங்கோ டெட்ராக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எட்டு செ.மீ. வரை வளர்ந்து, உடலும் ஓரளவு உயர்ந்திருக்கும் இந்த மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஏஞ்சலோடு ஒரே ஆற்றில் பிறந்த நியானைவிட வேறொரு கண்டத்தின் மீன் இங்கே பொருத்தமான துணையானது கவனிக்கத்தக்கது. குஞ்சுகளாக அல்லாமல் வளர்ந்த மீன்களாகவே அவை வாங்கப்பட்டன. ஏற்கெனவே இருந்த இரண்டு கோரிடோராஸ்களோடு அதே இனத்தில் ஆறு சேர்க்கப்பட்டன. பாசிக்காக, 12 முதல் 15 செ.மீ.க்குள் வளர்ச்சி முடியும் பிரிஸில்நோஸ் (சக்கரின் உறவான சிறு கெளுத்தி) ஒன்று விடப்பட்டது. புதியவை அனைத்தும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைக்கப்பட்டு, வெண்புள்ளி நோய் இல்லை என்று உறுதியான பின்னரே வந்தன.

சேர்க்கும் முறையிலும் கவனம் தேவைப்பட்டது. முன்பே குடியிருக்கும் மீன் தன் இடத்தைக் காப்பதில் பெரும்பாலும் முந்தும். இங்கே குடியிருந்தது ஏஞ்சல் இணை. அதனால் மரக்கட்டையும் கற்களும் முற்றிலும் இடம் மாற்றப்பட்டன, நடுவில் உயரமான செடிகளால் பார்வை மறைக்கப்பட்டது, இணை சில நாட்கள் வலைத்தடுப்புக்கு அப்பால் வைக்கப்பட்டது. விளக்கு அணைந்த பின் டெட்ராக்கள் விடப்பட்டன. மூழ்கும் உணவு இப்போது இரண்டு முனைகளிலும், விளக்கணைத்த பிறகே போடப்படுகிறது.

ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது ஒரு காங்கோ டெட்ராவைத் தவிர வேறு இழப்பில்லை. அது இரண்டாவது வாரத்தில் இறந்தது. உடலில் கடியோ திட்டோ இல்லை, காரணத்தைக் கண்டறிய முடியவில்லை. கோரிடோராஸ்கள் பகலிலேயே மணல் முழுவதும் மேய்கின்றன. ஏஞ்சல்களின் வயிற்றுத் துடுப்புகள் முழு நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. பார்ப் தொட்டியில் துரத்தல் ஓயவில்லை, ஆனால் எந்த மீனிலும் ஆறாத காயம் இல்லை. ஏஞ்சல் இணை முட்டையிடும் நாட்களில் டெட்ராக்கள் தொட்டியின் எதிர்முனைக்குத் தள்ளப்படுகின்றன. அதற்கு 120 செ.மீ. நீளம் போதுமாக இருக்கிறது.

உரிமையாளர் இப்போது இரண்டாவது ஏஞ்சல் இணை ஒன்றைச் சேர்க்க விரும்புகிறார். நீரின் அளவும் ஃபில்டரும் அதைத் தாங்கும். ஆனால் முட்டைக் காலத்தில் ஓர் இணையே ஏறத்தாழ பாதித் தொட்டியைத் தனதாக்கிக்கொள்வதைப் பதிவுகளில் அளந்திருக்கிறோம். இரண்டாவது இணை மறுபாதியை எடுத்தால் ஏழு டெட்ராக்களுக்கு ஒதுங்க இடமிருக்காது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.